நிபந்தனைகளோடு உட்கார்ந்தவன்

தண்ணீர்தானே தேடுகிறீர்கள்? அந்தக் கடைக்குப் போகாதீர்கள், சார். அங்கே விற்பது தண்ணீர் அல்ல, பகல் கொள்ளை. கழிப்பறைக்குப் போகிற சந்தில் திரும்பினால் சுவரை ஒட்டி எவர்சில்வர் தொட்டி ஒன்று இருக்கும். பொத்தானை அமுக்கினால் தண்ணீர் கீழே விழாது, மேலே எழும்பும். குனிந்து வாயைக் கொடுக்க வேண்டும். முதல் தடவை மூக்கில்தான் அடிக்கும். இலவசம் என்று எங்காவது எழுதி வைத்திருக்கிறார்களா பாருங்கள். கடைக்கு மட்டும் விளக்குப் போட்ட போர்டு. குழாய்க்கு ஒரு துண்டுக் காகிதம்கூட இல்லை. முதலாளித்துவத்தைப் பற்றி நான் எழுதாத துண்டறிக்கை இல்லை, சார். இவ்வளவு தெளிவாக ஒன்றிலும் எழுதியதில்லை.

உங்கள் வண்டியைத் தள்ளுகிறவர் எங்கே? வந்துவிடுகிறேன் என்று சொல்லிவிட்டுப் போனாரா? என்னுடையவரும் அப்படித்தான் போனார். சரி, நாம் இரண்டு பேரும் சக்கர நாற்காலி. உங்களுக்கு உண்மையாகவே முழங்கால் வலியா? ஆபரேஷனே ஆகிவிட்டதா? அப்படியானால் இந்த விமான நிலையத்தில் நியாயமாக உட்கார்ந்திருக்கிற ஒரே ஆள் நீங்கள்தான். நானும் நியாயமாகத்தான் உட்கார்ந்திருக்கிறேன். ஆனால் அது வேறு நியாயம். உங்களுக்கு நேரம் இருக்கிறதா? இருக்கிறது. பேங்க்கில் மேனேஜராக இருந்தவரா? முகத்திலேயே தெரிகிறது. கடன் கேட்க வந்தவனைப் பார்க்கிற மாதிரியே என்னைப் பார்க்கிறீர்கள். பயப்படாதீர்கள், நான் ஒன்றும் கேட்கமாட்டேன். சொல்லத்தான் செய்வேன்.

என் பெயர் கோமதிநாயகம். அம்பாசமுத்திரம் பக்கத்தில் ஒரு நூற்பாலையில் சங்கச் செயலாளர். முன்னாள் என்று சேர்க்க வேண்டாம். ஆலைதான் முன்னாள், சங்கம் இருக்கிறது. ஆலையை யார் மூடியது என்று கேட்பீர்கள். எல்லோரும் அதைத்தான் கேட்கிறார்கள். ஆலையை மூடியது முதலாளி. நாங்கள் மூடியது கேட்டை மட்டும்தான். பள்ளிக்கூடத்தில் நான் படித்தது கொஞ்சம். மீதியெல்லாம் துண்டறிக்கை. படித்ததும் துண்டறிக்கை, எழுதியதும் துண்டறிக்கை. அதனால்தான் என் பேச்சு அச்சில் ஏறின மாதிரி இருக்கிறது. என் மனைவி இருந்தவரைக்கும், "வீட்டுக்குள்ள வந்தாச்சுல்லா, மைக்க அணைங்க" என்பாள்.

என் மகள் ஜோயா டொரண்டோவில் இருக்கிறாள். ஒரு கம்பெனியில் ஆள் எடுக்கிற வேலை. ஆளை நிறுத்துகிற வேலையும் அவளுக்குத்தானாம். அதை நான் கேட்டுக்கொள்வதில்லை. அவள்தான் டிக்கெட் போட்டாள். போட்டவள் ஒரு காரியம் செய்தாள், என்னிடம் சொல்லாமல். எனக்கு சக்கர நாற்காலிக்கும் சேர்த்துப் பதிந்துவிட்டாள். "அப்பா, ஒங்களுக்கு இங்கிலீஷ் தெரியாது. கேட் மாறும், பஸ்ல ஏத்துவான், ரயில்ல ஏத்துவான். வீல்சேர்ன்னா ஆளோட கூட்டிட்டுப் போய் விட்டுருவான். எல்லாரும் அப்படித்தான் செய்யிறாங்க" என்றாள்.

எல்லோரும் அப்படித்தான் செய்கிறார்கள், சார். அதை நான் விமானம் மாறுவதற்காக இங்கே இறங்கினபோதுதான் பார்த்தேன். வாசலில் வரிசையாக நாற்காலிகள். எதிரே வரிசையாக நம்முடைய ஆட்கள். விமானத்துக்குள்ளே இருந்தவரை மேலே இருக்கிற பெட்டியை எக்கி எக்கி இழுத்தவர்கள், கழிப்பறைக்கு முந்திக்கொண்டு ஓடினவர்கள். நாற்காலியைக் கண்டதும் ஒரே நேரத்தில் அத்தனை பேருக்கும் கால் போய்விட்டது. புஷ்பவல்லி என்று ஒரு தஞ்சாவூர் அம்மாள், இறங்கும்போது என்னை முழங்கையால் இடித்துத் தள்ளிவிட்டு முன்னால் போனவர். அவர் இரண்டு பேர் பிடிக்க, முனகிக்கொண்டே உட்கார்ந்தார். மடியில் ஊறுகாய்ப் பை. மகள்கள், மகன்கள் சொல்லிக்கொடுத்த வித்தை. மொழி தெரியாததற்கு மருந்து நாற்காலி.

என் பெயர் எழுதின அட்டையைப் பிடித்துக்கொண்டு ஒருவர் நின்றார். நாற்பத்தைந்து வயது இருக்கும். அந்தோணி மிக்கேல். ஊர் உவரி. என் பேச்சைக் கேட்டதுமே, "அண்ணாச்சி திருநவேலிப் பக்கமா! ஏறி உக்காருங்க அண்ணாச்சி, சொகமாக் கொண்டுபோய் விட்டுருதேன்" என்றார்.

நான் சொன்னேன்: "மனிதனை மனிதன் தள்ளக் கூடாது, மிக்கேல். கை ரிக்‌ஷா ஒழிந்துவிட்டது என்று நீர் கேள்விப்படவில்லையா?"

"இது ரிக்‌ஷா இல்ல அண்ணாச்சி. இது ஏர்போர்ட்டு."

"கூரை இருந்தால் ரிக்‌ஷா இல்லை என்று ஆகிவிடுமா?"

அத்தோடு நான் விட்டிருக்கலாம். என்னை அறிந்தவர்கள் யாரும் நான் விட்டிருப்பேன் என்று சொல்லமாட்டார்கள். ஒரு நாற்காலி மேல் ஏறி நிற்கத்தான் நினைத்தேன், சக்கரம் உருண்டது. அதனால் தரையிலேயே நின்று பேசினேன். தோழர்களே, உங்களுக்குக் கால் இருக்கிறது, எழுந்திருங்கள், ஒரு ஏழையின் முதுகு எலும்பின் மேல் ஊர்வலம் போகாதீர்கள் என்றேன். தெலுங்குக்காரர் ஒருவருக்குத் தமிழ் கொஞ்சம் தெரிந்தது, அவர் மற்றவர்களுக்குச் சொன்னார். ஒவ்வொருவராக எழுந்தார்கள், சார். புஷ்பவல்லி அம்மாள் மட்டும், "எனக்கு நெஜமாவே கால் வலிங்க" என்றார். "என்னை இடித்தபோது வலிக்கவில்லையா, அம்மா?" என்று கேட்டேன். அவரும் எழுந்துவிட்டார். எல்லோரும் நடந்தோம். வாழ்நாளில் எத்தனை ஊர்வலம் நடத்தியிருப்பேன்! பாதி வழியில் டீக்கடைப் பக்கம் ஆள் கழன்றுகொள்ளும். இதில் ஒருவர்கூடக் கழலவில்லை. எங்கே போவது என்று ஒருவருக்கும் தெரியவில்லை என்பது வேறு விஷயம்.

பின்னால் பார்க்கிறேன், மிக்கேலும் மற்ற தோழர்களும் காலி நாற்காலிகளைத் தள்ளிக்கொண்டு வருகிறார்கள். ஆனந்தக் கண்ணீர் வடிப்பார்கள் என்று எதிர்பார்த்தேன். மிக்கேல் கிட்டே வந்து காதோடு காதாக, "அண்ணாச்சி, ஒங்க காலப் பிடிச்சுக் கேக்கேன், உக்காந்துருங்க" என்றார்.

"ஏன்?"

"இந்த மாசம் கான்ட்ராக்ட்டுக்காரன் ஆளக் கொறைக்கான். யார் வண்டி சும்மா நிக்கோ அவனுக்கு ஊருக்கு டிக்கெட்டு. நான் ஏற்கெனவே கடைசில நிக்கேன். இப்படி அத்தன பேரும் நடந்துபோனா, இத்தன ஆளு எதுக்குன்னு கேப்பான். உவரில வீடு லிண்டல் மட்டத்துல நிக்கி அண்ணாச்சி. இப்ப அனுப்புனாம்னா அது அப்படியேதான் நிக்கும்."

"அப்படியானால் சங்கம்..."

"ஐயோ, சத்தமாச் சொல்லாதிய! இங்க அந்த வார்த்தையே கெடையாது."

இதற்குள் சூப்பர்வைசர் வந்துவிட்டார். பத்மநாபன், நாகர்கோவில்காரர். கையில் வாக்கிடாக்கி, கழுத்தில் மூன்று அட்டை. நம்முடைய ஊர்க்காரன் அதிகாரி ஆகிவிட்டால் அட்டை கூடுதலாகத் தொங்கும். வந்தவர் என்னிடம் வரவில்லை, நேரே மிக்கேலிடம் போனார்.

"என்ன ஓய் இது, திருவிழாவா? ஒம்ம பாசஞ்சர் எதுக்கு நடக்காரு? காலைலதான் சொன்னேன். இன்னும் ஒரு பாசஞ்சர் ஒம்ம வண்டிலருந்து எறங்கி நடந்தாலும் சரி, பிளேன விட்டாலும் சரி, மறுநாள் நீரு ஊருல மீன் வாங்கப் போலாம். சொன்னனா இல்லியா?"

நான் நடுவே புகுந்தேன். இருபக்கக் கருத்தையும் கேட்டு ஒரு சுமுகமான முடிவுக்கு வரலாம் என்றேன். தொழிலாளர் தரப்பில் நான் பேசுவதாகச் சொன்னேன். பத்மநாபன் என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"சாரே, எனக்கு ஒண்ணும் தெரியாண்டாம். நீங்க இதுல உக்காருவியளா, மாட்டியளா? அத மட்டும் சொல்லுங்க."

சார், தலைமை என்றால் என்ன தெரியுமா? நிலைமை மாறும்போது போராட்ட வடிவத்தை மாற்றத் தெரிவது. நின்றால் ஒரு தொழிலாளிக்கு வேலை போகும். உட்கார்ந்தால் வேலை நிலைக்கும். அப்போது நிற்பது பிற்போக்கு, உட்காருவதுதான் முற்போக்கு. ஒரு நொடியில் இது எனக்கு விளங்கிவிட்டது.

"நிபந்தனைகளோடு உட்காருகிறேன்" என்றேன்.

"என்ன நிபந்தனை?"

"மிக்கேல் என்னை அடிமைபோலத் தள்ளக் கூடாது, தோழராகத் தள்ள வேண்டும். என்னை சார் என்று கூப்பிடக் கூடாது. அடுத்த விமானம் வரைக்கும் என் வண்டி எங்கேயும் சும்மா நிற்கக் கூடாது. அவர் இந்த நிலையத்தில் உள்ள வசதிகளை எல்லாம் எனக்குச் சுற்றிக் காட்ட வேண்டும்."

"என்னமும் செய்யிங்க. பிளேன் நேரத்துக்கு கேட்டுல, வண்டில உக்காந்தபடி வந்து சேரணும். இல்லன்னா இவரு கதை முடிஞ்சு. நான் அங்கதான் நிப்பேன்."

பார்த்தீர்களா, எல்லா நிபந்தனையும் ஏற்கப்பட்டது. ஒரு வரி எழுத்து இல்லாமல்! நான் திரும்பி மக்களிடம், உட்காருங்கள் தோழர்களே என்றேன். எழுந்திருக்கச் சொன்னபோது அவ்வளவு யோசித்தவர்கள், உட்காரச் சொன்னதும் சொல்லி வாய் மூடவில்லை, அத்தனை பேரும் உட்கார்ந்துவிட்டார்கள். என் பொதுவாழ்வில் இவ்வளவு கட்டுப்பாட்டைக் கண்டதில்லை. புஷ்பவல்லி அம்மாள் மட்டும், "எந்திரிங்கறீங்க, உக்காருங்கறீங்க. இது என்னாங்க, பள்ளிக்கூடத்துல பிரேயரா?" என்றார். எதிர்ப்புக் குரல் எல்லா அமைப்பிலும் இருக்கும்.

அதற்குப் பிறகு நான் சுற்றின சுற்றுதான் உங்களுக்கு இப்போது பயன்படப் போகிறது. கவனமாகக் கேட்டுக்கொள்ளுங்கள்.

செல்போனுக்குச் சார்ஜ் போட வேண்டுமென்றால் தூணுக்குத் தூண் ஓட்டை இருக்கும், ஆனால் நம்முடைய பின் நுழையாது. நகைக்கடைக்கு எதிரே இருக்கிற மேஜையில் மட்டும் எல்லா நாட்டுப் பின்னும் நுழையும். உலக ஒற்றுமைக்கு இங்கே இருக்கிற ஒரே சான்று அந்த மேஜை. தூங்க வேண்டுமானால் சாய்ந்த நாற்காலிகள் கோடியில் இருக்கின்றன, காலை நீட்டிக்கொள்ளலாம். போர்வை கொண்டு போங்கள். இந்தப் பாலைவனத்து ஆட்கள் வெளியே இல்லாத குளிரை எல்லாம் உள்ளே சேர்த்து வைத்திருக்கிறார்கள். பீடி சிகரெட் பிடிப்பவரா? இல்லையா, நல்லது. கண்ணாடிக் கூண்டு ஒன்று இருக்கிறது. உள்ளே கோட்டுப் போட்டவனும் கைலி கட்டினவனும் ஒரே புகையில் நிற்கிறார்கள். வர்க்க பேதம் இல்லாத இடம் இந்த நிலையத்தில் அது ஒன்றுதான், அதிலே பத்து நிமிடம் நின்றால் நுரையீரல் போய்விடும். குளிப்பதற்குத் தனி அறை உண்டு. சோப்பு அவர்களே தருவார்கள், துண்டுக்குப் பணம். நான் துண்டு இல்லாமல் எங்கேயும் போவதில்லை, அதனால் அவர்கள் சூழ்ச்சி பலிக்கவில்லை.

தொழுகை அறைக்குப் பக்கத்தில் எல்லா மதத்துக்கும் பொதுவாக ஓர் அறை இருக்கிறது. நான் நாத்திகன். வசதியை ஆய்வு செய்யத்தான் உள்ளே போனேன். கம்பளம் நன்றாக இருந்தது. அமைதியும் நன்றாக இருந்தது. கொஞ்சம் கண் அசந்துவிட்டேன். விழித்துப் பார்த்தால், நான் நெடுநேரம் தியானம் செய்கிறேன் என்று நினைத்து வெள்ளைக்காரி ஒருத்தி எனக்குப் பக்கத்தில் உட்கார்ந்து கண்ணை மூடிக்கொண்டிருக்கிறாள். ஒன்றும் பேசாமல் இவ்வளவு சுலபமாக ஆள் சேர்க்கலாம் என்று தெரிந்திருந்தால் நான் தொண்டையைக் கெடுத்துக்கொண்டிருக்க மாட்டேன்.

பணக்காரர்கள் சாப்பிடுகிற கூடம் மாடியில் இருக்கிறது. மிக்கேல், "அங்க வேண்டாம் அண்ணாச்சி, கார்டு கேப்பாவ" என்றார். வாசலில் நின்று எட்டிப் பார்த்தாவது வருவோம் என்றேன். பார்த்தேன். ஒருவனும் பேசவில்லை, சார். தட்டு நிறையச் சாப்பாட்டை வைத்துக்கொண்டு இழவு வீடு மாதிரி உட்கார்ந்திருக்கிறார்கள். அவர்களுக்காக நான் இரக்கப்பட்டேன். வாசலில் இருந்த கிண்ணத்தில் இருந்து மிட்டாய் எடுத்துக்கொண்டு வந்தேன். எல்லோரும் எடுக்கிறார்கள், எடுக்கத்தான் வைத்திருக்கிறார்கள். இந்தாருங்கள், நீங்களும் ஒன்று.

அப்புறம் அந்த நகரும் தரை. நின்றால் போதும், அது கொண்டுபோகும். அதில் நாற்காலியை ஏற்ற விடமாட்டார்கள். பக்கத்திலேயே சும்மா கிடக்கிற தரையில் மிக்கேல் என்னைத் தள்ளிக்கொண்டு வந்தார், அதுவும் நீளமான நீளம். அவருக்கு வியர்த்துக் கொட்டியது. அவ்வளவு குளிரிலும் வியர்த்தது. எனக்கு மனசு கேட்கவில்லை. என் துண்டை எடுத்து அவரிடம் கொடுத்தேன். இறங்கி நடந்தேனா என்று கேட்கிறீர்களா? எப்படி இறங்குவது? இறங்கினால் கோரிக்கை என்ன ஆகும்? உணர்ச்சிவசப்பட்டுப் போராட்டத்தைப் பாதியில் விடுகிற ஆள் நான் இல்லை. அவருக்காக இன்னொரு சுற்றும் போனேன். பொம்மைக் கடை, வாசனைத் திரவியக் கடை, மறுபடியும் மாடி. "போதும் அண்ணாச்சி" என்றுதான் அவர் சொன்னார். பாவம், தொழிலாளி எப்போதும் தன் உரிமையைக் குறைத்துத்தான் கேட்பான்.

பிறகு அவரை வேறொரு பாசஞ்சருக்குக் கூப்பிட்டுவிட்டார்கள். நாற்காலிகளுக்கென்று கயிறு கட்டின இடம் ஒன்று இருக்கிறதே, நுழைவுக்குப் பக்கத்தில், அங்கே என்னை நிறுத்தினார். "இங்கயே இருங்க அண்ணாச்சி. எங்கயும் அசையாதிய. ஒங்க பிளேனுக்கு நானே வந்து கூட்டிட்டுப் போவேன். பத்மநாபன் சொன்னத மறந்துராதிய" என்று இரண்டு தடவை சொல்லிவிட்டுப் போனார். நான் மறப்பேனா? அந்த மனிதருடைய வீடு என் கையில் இருக்கிறது.

இல்லை, அந்த இடம் இது இல்லை. அது அந்தக் கோடியில் இருக்கிறது. அங்கே காற்றோட்டம் இல்லை, பேச ஆளும் இல்லை. ஒரு ஜப்பான்காரர் இருந்தார், நான் எவ்வளவு சொல்லியும் தலையை மட்டும்தான் ஆட்டினார். நான் உட்கார்ந்தபடியே காலால் தரையை உந்தி உந்தி வந்துவிட்டேன். எழுந்திருக்கவில்லை, அதை நீங்கள் குறித்துக்கொள்ள வேண்டும். இங்கே ஈச்ச மரம் இருக்கிறது, கண்ணாடி வழியாக விமானம் தெரிகிறது, நீங்கள் இருக்கிறீர்கள். எவ்வளவு நேரம் ஆனாலும் மிக்கேலைக் காணோம். எங்காவது டீ குடித்துக்கொண்டிருப்பார். குடிக்கட்டும், தொழிலாளிக்கு இடைவேளை வேண்டும். பொறுப்பும் கொஞ்சம் வேண்டும், அதையும் சொல்லத்தான் வேண்டியிருக்கிறது.

என் விமானம் எத்தனை மணிக்கா? அது போகிற நேரத்துக்குப் போகும். அம்பாசமுத்திரத்தில் நான் பஸ் ஸ்டாண்டு வாசலில் தலையைக் காட்டினால் போதும், கண்டக்டர் விசில் ஊதமாட்டார். நான் டீயைக் குடித்து முடித்து ஏறிய பிறகுதான் வண்டி நகரும். ஆளைப் பதிந்து வைத்துக்கொண்டு ஏற்றாமல் போவானா? என் பெட்டி வேறு அவனிடம் இருக்கிறது.

டிக்கெட்டையா? பாருங்கள், எனக்கென்ன. நீங்கள் பேங்க்கில் இருந்தவர், காகிதத்தைப் பார்க்காமல் உங்களுக்குத் தூக்கம் வராது. ஏன் சார் முகம் இப்படிப் போகிறது? அந்த டிவிப் பெட்டியில் என்ன போட்டிருக்கிறான்? சிவப்பாக ஒரு வரி எரிந்து எரிந்து அணைகிறதே, அதா? சிவப்பு நமக்கு நல்ல நிறம்தான்.

கடைசி அழைப்பு என்று போட்டிருக்கிறானா? என் விமானத்துக்கா?

அதோ, மிக்கேல்! பார்த்தீர்களா, வந்துவிட்டார், நான் சொன்னேனே. என்ன மிக்கேல், ஏன் இப்படித் தலைதெறிக்க ஓடி வருகிறீர்? டீ ஆறிவிட்டதா? என்னது... என்னைத் தேடினீரா? மூன்று மாடியுமா? அந்தப் பொது அறைக்குள்ளேயுமா? இங்கேதானே இருக்கிறேன், மரத்தடியில், எல்லோருக்கும் தெரிகிற மாதிரி! சரி, சரி, அழாதீர். கேட் எங்கே? அந்த வளைவு தாண்டியா? இங்கிருந்தே தெரிகிறதே. வாசலில் நிற்கிறது யார், பத்மநாபனா? அந்தப் பெண் கதவில் கை வைத்துவிட்டாளா?

என்ன சார் சொல்கிறீர்கள், எழுந்து ஓடுவதா? பத்மநாபன் கண் முன்னாலா? மிக்கேலின் வேலை என்னாவது? உட்கார்ந்து போனால்தான் வெற்றி, நடந்து போனால் காட்டிக்கொடுப்பு. தள்ளும், மிக்கேல். வருகிறேன், சார், முழங்காலைப் பார்த்துக்கொள்ளுங்கள், தண்ணீர் அந்தச் சந்தில்! என் பை, அந்தப் பையை மடியில் போடும். ம், தள்ளும். வலப்பக்கம் வேண்டாம், அங்கே ஒரு சீனாக்காரக் கூட்டம் நிற்கிறது. ஏ, வழி விடுங்கப்பா, வழி! ஏ பத்மநாபன்! கதவ அடைக்காதியும்! உக்காந்துதாம்வே வாரேன், நல்லாப் பாத்துக்கிடும்! மிக்கேல், என்னவே ஊர்ந்துகிட்டு வாரீரு? வேல நேரத்துல என்னவே ஒமக்கு மூச்சு வாங்குது? ம், தள்ளும்வே, வேகமாத் தள்ளும்!